உஸ்தாஸ் ஹில்மி தூங்கப் போட்ட கடைசி ஃபைல்

முப்பத்தோரு வருஷம் வங்கியின் வீட்டுக் கடன் பிரிவில் உட்கார்ந்திருந்தும், நாங்கள் மரியாதையாக உஸ்தாஸ் என்று கூப்பிடும் ஹில்மி வஹ்தான் ஒரு மனிதரிடம்கூட "உங்களுக்குக் கடன் கிடையாது" என்று சொன்னதில்லை. பத்தொன்பது வருஷம் அவருக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்தவள் நான், சத்தியம் செய்தே சொல்வேன். "இல்லை" என்ற சொல் அவர் வாயில் வரவே வராது. அது வரவேண்டிய இடத்தில் இழுப்பறையைத் திறப்பார். ஒரு புதினா மிட்டாயை எடுத்து எதிரே இருப்பவர் முன்னால் வைப்பார். பிறகு, "ஃபைல் பரிசீலனையில இருக்குங்க" என்பார்.

மிட்டாய் வெளியே வந்தால் அந்த ஃபைல் தூங்கப் போகிறது என்று அர்த்தம். எங்கள் பிரிவில் டீ கொண்டுவருகிறவருக்குக்கூட அது தெரியும். மிட்டாயைச் சப்பிக்கொண்டு போகிற ஆளுக்குத்தான் தெரியாது.

தூங்கப் போடுவதில் அவருக்கென்று ஒரு முறை இருந்தது. ஃபைலின் மூலையில் பென்சிலால் "சரிபார்க்கவும்" என்று எழுதுவார். ஜன்னலோரம் இருக்கிற அடுக்கில் அடியில் செருகிவிடுவார். இரண்டு மாதம், மூன்று மாதம் கிடக்கும். அதற்குள் அந்த ஆள் வேறு வீடு பார்த்திருப்பான், அல்லது விற்கிறவனோடு சண்டை போட்டிருப்பான், அல்லது மைத்துனன் கையில் பணம் இருப்பது ஞாபகம் வந்திருக்கும். சிலர் மட்டும் விடாமல் ஐந்தாவது தடவையும் படியேறி வருவார்கள். அவர்கள் முகத்தை ஒரு நிமிஷம் பார்ப்பார் ஹில்மி. பிறகு ரப்பரால் பென்சில் எழுத்தை அழித்து, ஃபைலை மேலே எடுத்து வைப்பார்.

எனக்கு இது பிடிக்காது. எனக்கு முகத்துக்கு நேரே சொல்லித்தான் பழக்கம்.

"இல்லைன்னா இல்லைன்னு சொல்லித் தொலைங்களேன் உஸ்தாஸ். பாவம், அந்த ஆளு ரெண்டு டிராம் மாறி வர்றான்."

"அவன் மனசை நாமளா உடைக்கணும், மதாம் சுஹைர்? கொஞ்சம் ஆறட்டும். தானா புரிஞ்சுக்குவான்."

அந்தக் காலத்தில் ஆறப் போட இடமும் இருந்தது. ஒரு வீட்டுக் கடனுக்கு ஒன்பது மாதம். பதினாலு கையெழுத்து. அரசாங்கக் கழுகு முத்திரை குத்திய சம்பளச் சான்றிதழ், பத்திரப் பதிவு அலுவலகத்திலிருந்து ஒரு தாள், அந்தத் தாள் சரி என்று சொல்ல இன்னொரு தாள். மழைக்காலத்தில் வீட்டை மதிப்பிடுகிறவர் வெளியிலேயே வரமாட்டார், அவருக்கு மூட்டு வலி. இத்தனைக்கும் நடுவில் ஒரு பென்சில் எழுத்து யார் கண்ணில் படும்?

அவர் மனைவி ஃபவ்கிய்யா இறந்தபோது மகள் ரீஹாமுக்குப் பதினோரு வயது. அதற்குப் பிறகு ஹில்மி காலையில் மகளின் பள்ளி உடையை இஸ்திரி போட்டுவிட்டு, கையில் சூட்டுக் கொப்புளத்தோடு அலுவலகம் வருவார். வெண்டைக்காய்க் குழம்பு வைக்க என்னிடம் கேட்டுக் கற்றுக்கொண்டார். நான் சொன்னபடிதான் செய்தாராம், ஆனால் வாயில் வைக்க முடியாது, நானே சாப்பிட்டிருக்கிறேன். அப்படி வளர்த்த பெண் மருந்தியல் படித்து, ஸ்மூஹா பகுதியில் ஒரு பெரிய மருந்துக் கடையில் வெள்ளைக் கோட்டு போட்டு நின்றாள். அன்று எங்கள் பிரிவு முழுக்க ரவை இனிப்பு. ஹில்மி ஒவ்வொரு மேசையாகத் தட்டைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

அந்த மருந்துக் கடை இருந்த கட்டடத்தின் லிஃப்ட் ஒரு நாள் பாதியில் நின்றது. உள்ளே ரீஹாம். நாற்பது நிமிஷம். வெளியே இருந்து ஒருவன் கதவிடுக்கு வழியாக அவளோடு பேசிக்கொண்டே இருந்து, கடைசியில் இறக்கிவிட்டான். அவன் பெயர் இஹாப். லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனியில் வேலை. தொழிற்பள்ளி டிப்ளமோவோடு படிப்பு சரி. நாற்பது நிமிஷம் அவன் என்ன பேசினானோ தெரியாது, ஆறு மாதம் கழித்து ரீஹாம் அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னாள்.

மறுநாள் ஹில்மி என் மேசைக்கு வந்து நின்றார்.

"லிஃப்ட் ரிப்பேர் பண்றவன், மதாம் சுஹைர். என் பொண்ணு படிச்ச படிப்புக்கு."

"பையன் கெட்டவனா?"

"விசாரிச்சிட்டேன். ஒரு குறை சொல்ல முடியல."

"அப்புறம் என்ன? வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லுங்க, வேணும்னா வேணும்னு சொல்லுங்க."

அவர் என்னைப் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது, இரண்டையும் சொல்லமாட்டார் என்று.

இஹாப் தன் தாய்மாமனைக் கூட்டிக்கொண்டு பெண் கேட்க வந்தான். இனிப்புப் பெட்டி, பூங்கொத்து, இறுக்கமான புதுச் சட்டை. ரீஹாம் தட்டில் சர்பத் கொண்டுவந்தாள். ஹில்மி எழுந்து நின்று, எல்லோர் முன்னாலும் சொன்னாராம்: "தம்பி, எனக்கு ஒண்ணே ஒண்ணுதான். வாடகை வீட்டுக்கு என் பொண்ணை அனுப்ப மாட்டேன். சொந்த வீட்டுச் சாவியோட வா. அன்னைக்கே ஃபாத்திஹா ஓதி நிச்சயம் பண்ணிடலாம். இது என் வார்த்தை."

இதை என்னிடம் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு நிம்மதி. "நம்ம பேங்க்ல ஒன்பது மாசம் ஆகும். ஒன்பது மாசத்துல ரெண்டு பேர்ல ஒருத்தருக்காவது ஆறிடும்."

மகளையும் அடுக்கில் அடியில் செருகிவிட்டார் மனிதர். நான் சொல்லிக் காட்டினேன். அவர் சிரித்தார். அவருக்கு நான் எது சொன்னாலும் சிரிப்புதான்.

அப்போது கெய்ரோ தலைமை அலுவலகத்திலிருந்து புது ஏற்பாடு வந்துகொண்டிருந்தது. வந்துகொண்டிருக்கிறது என்று இரண்டு வருஷமாகச் சொன்னார்கள், அதனால் யாரும் நம்பவில்லை. ஹில்மி சுத்தமாக நம்பவில்லை. ஆனால் மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெள்ளி சனி விடுமுறை முடிந்து வேலைக்கு வந்தால், ஜன்னலோரத்து அடுக்கையே காணோம். எல்லாத் தாளையும் படம் பிடித்து உள்ளே ஏற்றிவிட்டு, அலமாரியைத் துடைத்து வைத்திருந்தார்கள்.

எனக்குப் பிடித்திருந்தது, பொய் சொல்ல மாட்டேன். கடன் கேட்கிறவர் தன் போனில் முகத்தையும் அடையாள அட்டையையும் காட்டினால் போதும். சம்பள விவரம் நேரே வந்து விழும். அந்தத் தெருவில் சமீபத்தில் என்ன விலைக்கு வீடு போனது என்று இயந்திரமே பார்த்து மதிப்புப் போடும். பத்திரப் பதிவு அலுவலகம் கம்பி வழியாகப் பதில் சொல்லும். முதல் வாரம் ஒரு நர்ஸ் வந்தாள், விதவை, இரண்டு குழந்தைகள். அவள் டீயைக் குடித்து முடிப்பதற்குள் "சம்மதம்" என்று வந்துவிட்டது. இருபத்திரண்டு நிமிஷம். அந்தப் பெண் அழுதுவிட்டாள். ஹில்மி பழக்கதோஷத்தில் ஒரு மிட்டாயை எடுத்து நீட்டினார். அவர் மிட்டாயைத் தின்ற அன்றைக்கே கடனும் வாங்கிய முதல் ஆள் அவள்தான்.

மனிதருக்கு என்று ஒரே ஒரு வேலையை மிச்சம் வைத்திருந்தார்கள். சம்மதம் ஆன ஒவ்வொரு விண்ணப்பமும் ஒரு நாள் எங்கள் திரையில் நிற்கும். பச்சைப் பொத்தானை அமுக்கினால் உடனே போய்விடும். ஒன்றும் செய்யாவிட்டால் சாயங்காலம் தானாகவே போய்விடும். ஏதாவது சந்தேகம் என்றால் மஞ்சள் பொத்தான். பிறகு பார்க்கலாம் என்பதற்குப் பொத்தான் கிடையாது. ஹில்மி அதைத் தேடியதை நானே பார்த்தேன், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, திரையின் நாலு மூலையும் தேடினார்.

கெய்ரோவிலிருந்து வந்த எஞ்சினியர் இதைப் பாடம் நடத்தியபோது ஹில்மி நோட்டுப் போட்டு அழகாக எழுதினார். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை, அந்தப் பையனைத் தொந்தரவு செய்யக் கூடாதாம். மஞ்சளைப் பற்றி அவன் விளக்கும்போது, தொண்டை வறண்டிருக்குமே என்று எழுந்துபோய் அவனுக்கு டீ ஊற்றிக்கொண்டிருந்தார். பிறகு நான் அந்த நோட்டைப் பார்த்தேன். "மஞ்சள்: கெய்ரோவுக்குப் போகும்" என்று மட்டும் இருந்தது.

ஜூன் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, நண்பகல் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னால். நான் ஒரு கையில் தஆமிய்யா வடை வைத்த சாண்ட்விச்சும் இன்னொரு கையில் போனுமாக, யாரோ ஒரு கட்டட முதலாளியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். ஹில்மி பக்கத்திலிருந்து கேட்டார்:

"மதாம் சுஹைர், இந்த மஞ்சளை அமுக்கினா கெய்ரோவுல எத்தனை நாள் தூங்கும்?"

நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. போனைத் தோளில் அமுக்கிக்கொண்டு, வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"கெய்ரோவா? உங்க பேரன் கல்யாணத்துக்கு எழுந்திருக்கும்."

அவர் சிரித்தது காதில் விழுந்தது. பிறகு பொத்தான் அமுக்கிய சத்தம்.

அந்தச் சத்தத்தை இன்று வரை நான் மறக்கவில்லை. என் நாக்கை அறுத்துப் போட்டிருந்தால் தேவலாம் போலிருக்கிறது.

திரையில் இருந்தது இஹாபின் விண்ணப்பம். ஸீதி பிஷ்ர் பகுதியில் ஆறாவது மாடியில் ஒரு வீடு. அந்தக் கட்டடத்து லிஃப்டை அவன்தான் பராமரிக்கிறான், அங்கே ஒருவர் கனடாவில் இருக்கும் மகனிடம் போவதற்காக வீட்டை அவசரமாக, கொஞ்சம் விலை குறைத்தே விற்கிறார். பணத்தோடு வர அவனுக்குப் பத்து நாள் தவணை கொடுத்திருந்தார். ஹில்மி நிபந்தனை போட்டு ஏழு வாரம்கூட ஆகவில்லை. மஞ்சளை அமுக்கியதும் காரணம் கேட்டு ஒரு பட்டியல் வந்திருக்கிறது. அதில் இருப்பதிலேயே சாதுவாகத் தெரிந்த "வருமானம் சரிபார்க்க வேண்டும்" என்பதைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். முப்பத்தோரு வருஷமாகப் பென்சிலால் எழுதியதுதானே. கெய்ரோவில் யாராவது ஒருத்தர் இழுப்பறையில் இரண்டு மாதம் கிடக்கட்டும், பத்து நாள் தவணை தாண்டட்டும், வீடு கைநழுவட்டும், அவ்வளவுதான் அவர் நினைத்தது.

கெய்ரோவில் இழுப்பறையே இல்லை, அங்கேயும் இயந்திரம்தான். நாலு நிமிஷத்தில் திரை சிவப்பாகிவிட்டது. விண்ணப்பம் நிராகரிப்பு. வருமான விவரத்தில் சந்தேகம் என்ற குறிப்பு எல்லா வங்கிகளும் பார்க்கிற பொதுப் பதிவேட்டில் ஏறிவிட்டது. பன்னிரண்டு மாதத்துக்கு எந்த வங்கியும் இந்தப் பெயர்களுக்குக் கடன் கொடுக்காது.

பெயர்கள் என்றுதான் இருந்தது. ஹில்மி அப்போதுதான் இரண்டாம் பக்கத்தைத் திறந்தார். கூட்டு விண்ணப்பதாரர்: ரீஹாம் ஹில்மி வஹ்தான்.

அவனுடைய சம்பளம் மட்டும் போதாது என்று அவள் தன் சம்பளத்தையும் சேர்த்திருக்கிறாள். அப்பாவுக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று சொல்லாமல் வைத்திருக்கிறாள்.

"மதாம் சுஹைர்" என்றார். அவர் குரலைக் கேட்டுப் போனை வைத்துவிட்டு எழுந்தேன். திரையைப் படித்தேன். என்ன நடந்தது என்று புரிவதற்கு எனக்கு இரண்டு தடவை படிக்க வேண்டியிருந்தது. ஹில்மி பென்சிலைக் கையில் எடுத்து, அதன் பின்னால் இருக்கிற ரப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு மணி நேரத்தில் ரீஹாம் வந்துவிட்டாள். வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. செய்தி அவள் போனுக்கும் போயிருந்தது. நேராக அப்பாவின் மேசைக்கு வந்து, வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"பாபா, நானும் இஹாபும் ஒரு வீட்டுக்கு எழுதிப் போட்டோம். உங்ககிட்ட சொல்லல, தப்புதான். காலையில சம்மதம்னு வந்துச்சு. இப்ப நாங்க பொய் சொன்ன மாதிரி போட்டிருக்கான். நான் என்ன பொய் சொன்னேன் பாபா?"

ஹில்மியின் கை இழுப்பறைக்குப் போயிற்று. அது அவர் சொல்லித்தான் போயிற்றா என்று எனக்குத் தெரியாது. ஒரு மிட்டாயை எடுத்து மகள் முன்னால் வைத்தார்.

"ஃபைல் பரிசீலனையில இருக்கும்மா."

அவள் மிட்டாயைப் பார்த்தாள். அந்த மேசைக்குக் கீழே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதி வளர்ந்தவள் அவள், மிட்டாய்க்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கா தெரியாது? மெதுவாக அவர் பக்கம் தள்ளினாள்.

"மிட்டாய் வேண்டாம் பாபா. முடியுமா முடியாதான்னு சொல்லுங்க."

"சரி பண்ணிடறேன்."

"அப்பச் சரி." எழுந்து கோட்டைச் சரிசெய்துகொண்டாள். "நீங்க இந்தப் பிரிவுல இருக்கீங்கங்கிற ஒரே தைரியம்தான் எனக்கு."

போகும்போது என்னையும் கட்டிக்கொண்டாள். நான் அப்போதே சொல்லியிருக்கலாம். உன் அப்பாதான் செய்தார், நான்தான் கேலி பேசி அமுக்க வைத்தேன் என்று சொல்லியிருக்கலாம். முகத்துக்கு நேரே சொல்லிப் பழகியவள் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொள்கிற நான், அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தேன்.

மேலாளரிடம் ஹில்மி போனார். மேலாளர் கையை விரித்தார், "இது நம்ம கையில இல்ல உஸ்தாஸ்" என்றார். வியாழக்கிழமை அதிகாலை ரயிலில் ஹில்மி கெய்ரோ போனார். அங்கே தலைமை அலுவலகத்தில், மகள் வயதில் ஒரு பெண் அவரை மரியாதையாக உட்கார வைத்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாளாம். ஹில்மி தன் வாழ்க்கையில் முதல் தடவையாகச் சுற்றி வளைக்காமல் பேசினார். சந்தேகம் எதுவும் இல்லை, வேண்டுமென்றே அமுக்கினேன், எழுதிக் கொடுக்கிறேன் என்றார்.

"அங்கிள், குறிப்பை ஏத்தத்தான் பொத்தான் இருக்கு. எடுக்கறதுக்கு இல்ல. பன்னிரண்டு மாசம் முடிஞ்சா தானா போயிடும்."

"நான்தான் தப்புப் பண்ணேன்னு சொல்றேனேம்மா."

"நீங்க எழுதிக் கொடுத்தா, சொந்தக்காரங்க ஃபைல்ல கை வெச்சதுக்கு உங்க மேல விசாரணை வரும். வேலை போகும், ஓய்வூதியமும் போகலாம். போனாலும் பரவாயில்லைன்னு நீங்க சொல்றீங்க, புரியுது. ஆனா அந்த விசாரணை முடியற வரைக்கும் உங்க பொண்ணு பேரை யாரும் தொட முடியாது. விசாரணைக்கு ஒரு வருஷத்துக்கு மேல ஆகும். அது மட்டும் இன்னும் காகிதத்துலதான் நடக்குது."

அவர் எழுதியே கொடுத்தார். அந்தப் பெண் அதைப் படித்துவிட்டு, மடித்து, அவர் சட்டைப் பையிலேயே திருப்பி வைத்தாளாம். நல்ல பெண்தான், யாரைக் குறை சொல்வது? திரும்பி வரும் ரயிலில் ஹில்மி அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே வந்திருக்கிறார்.

மஞ்சளை அமுக்கிய ஒன்பதாவது நாள், தவணையும் தீர்ந்து, ஸீதி பிஷ்ர் வீடு மறுபடி அவர் திரைக்கு வந்தது. அதே தெரு, அதே ஆறாவது மாடி, வேறு பெயர். பதினெட்டு நிமிஷத்தில் சம்மதம் ஆகியிருந்தது. ஹில்மி பச்சையையும் தொடவில்லை, மஞ்சளையும் தொடவில்லை. மேசையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தார். சாயங்காலம் அது தானாகவே போயிற்று.

அந்த வருஷம் வீட்டு விலை எப்படி ஏறியது என்று எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பன்னிரண்டு மாதம் முடிந்து குறிப்பு அழிந்தபோது, இரண்டு சம்பளத்தைச் சேர்த்தாலும் ஸீதி பிஷ்ரில் ஒரு அறைகூடக் கிடைக்காது. இஹாப் அந்த வருஷம் முழுக்க வியாழக்கிழமைதோறும் முஹர்ரம் பே பகுதியில் இருக்கிற ஹில்மி வீட்டுக்கு வந்தான். அந்தக் கட்டடத்தில் ஆறு வருஷமாக ஓடாமல் கிடந்த லிஃப்டைக் காசு வாங்காமல் ஓட வைத்தான். மருந்து வாங்கி வந்தான், கொழுப்பு மாத்திரையைப் போட்டீர்களா என்று மிரட்டினான். ஹில்மி என்னிடம் அதைச் சொல்லும்போதெல்லாம் இளைத்துக்கொண்டே போனார். மகன் இருந்திருந்தால்கூட இப்படிப் பார்த்திருக்க மாட்டான் என்றார். அவனுக்குத்தான் மகளைக் கொடுக்க வேண்டும் என்று ஆசைப்பட ஆரம்பித்துவிட்டார், அதுவும் தாமதமாக.

பெருநாளுக்குச் செய்த கஹ்க் பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். இஹாப் இருந்தான். ரீஹாம் டீ வைத்துக்கொண்டிருந்தாள். ஹில்மி திடீரென்று எழுந்து நின்றார், பெண் கேட்டு வந்த அன்று நின்ற மாதிரியே.

"இஹாப், வீடும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். மதாம் சுஹைர் சாட்சி. இப்பவே ஃபாத்திஹா ஓதிடலாம். இந்த வீட்ல மூணு ரூம் இருக்கு. நான் ஒத்த ஆளு. இங்கேயே இருங்க."

ரீஹாம் தட்டை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். இஹாப் பக்கத்தில் வந்து ஹில்மியின் தலையில் முத்தமிட்டான்.

"மாமா, எங்களுக்காக நீங்க கெய்ரோ வரைக்கும் அலைஞ்சீங்க. என் சொந்த அப்பா இருந்திருந்தாலும் அப்படி அலைஞ்சிருக்க மாட்டாரு. அதை நான் சாகற வரைக்கும் மறக்க மாட்டேன். ஆனா எல்லார் முன்னாடியும் ஒரு வார்த்தை சொன்னீங்க. சாவியோட வான்னு. எனக்காக அந்த வார்த்தையை நீங்க கீழே இறக்கறதை நான் பார்த்துட்டு இருக்க முடியாது."

"நானே சொல்றேன்ப்பா, வேண்டாம்னு."

"பெரிய மனசு உங்களுக்கு. எனக்கு வெளிநாட்டுல, தம்மாம்ல வேலை கிடைச்சிருக்கு மாமா. மூணு வருஷ ஒப்பந்தம். அடுத்த சனிக்கிழமை கிளம்பறேன். சாவியோடதான் வருவேன்."

ஹில்மி என்னைப் பார்த்தார். சொல்லிவிடு என்கிறாரா, சொல்லிவிடாதே என்கிறாரா? எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிற வாய் எனக்கு. அன்று கஹ்க் பெட்டியின் மூடியைத்தான் திறந்து திறந்து மூடினேன். ரீஹாம் தட்டை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வழியனுப்ப லிஃப்ட் வரைக்கும் போனோம். இஹாப் பொத்தானை அமுக்கியதும் லிஃப்ட் வந்து நின்றது. உள்ளே போய்த் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். கதவு மூட வந்தது. ஹில்மி கையை நீட்டித் தடுத்தார். திறந்தது. மறுபடி மூட வந்தது, மறுபடி தடுத்தார். ஏதோ சொல்லப் போகிறார் என்று இஹாப் காத்திருந்தான். அவர் கையை எடுக்கவில்லை.

"கையை எடுங்க மாமா" என்றான் இஹாப். "அடிபட்டுடும்."